கொடியில் காயப்போட்ட வயிறு

கோகிலவாணியின் வயிற்றுத் தோல் கழன்று கையோடு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எட்டு நாள் கழித்து நல்ல தண்ணி வந்த செவ்வாய்க்கிழமை அது. அதனால் அந்த லைன் வீட்டில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய், குழாயின் வாயில் சொருகிய பச்சை ஹோஸ், ஹோஸின் மறுமுனைக்குக் காத்திருக்கும் நீல டிரம்கள், டிரம்களுக்கு நடுவே நின்று ஏழரை மணிக்கு வந்து ஹாரன் அடிக்கப்போகும் கம்பெனி வேனை நினைத்துக்கொண்டே தலைவாரும் பெண்கள், இத்தனைக்கும் பின்னால் தகரக் கதவு போட்ட குளியலறைக்குள் நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி, அடிவயிற்று மடிப்பைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் தேய்த்தபோது, நனைந்த பனியன் உடம்பிலிருந்து உரிவதைப் போல, பிடித்தது பிடித்தபடியே கழன்று வந்துவிட்டது.

ரத்தம் இல்லை. வலி இல்லை. வலி இல்லாததில் அவளுக்குப் புதுமையும் இல்லை. ஏழு மாதத்துக்கு முன் அறுத்துப் பிள்ளையை எடுத்துத் தைத்த நாளிலிருந்தே, தையலுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு அவளுக்கு உணர்ச்சி கிடையாது. கிள்ளிப் பார்த்திருக்கிறாள், வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்கும். கொதிக்கிற டீ டம்ளரை மறதியாக மடியில் வைத்துக்கொண்டு, சிவந்த வட்டத்தைப் பிறகு கண்ணால் பார்த்துத்தான் சுட்டது என்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்த வயிற்றுக்கு அவளும் லைன் வீடும் செய்யாதது எதுவுமில்லை. பச்சை உடம்பிலேயே பழைய பருத்திச் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தால் வயிறு அடங்கியிருக்கும் என்றார்கள். ஆனால் தையல் காயும்வரை கட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல் காய்ந்தபோது பச்சை உடம்பு முடிந்துவிட்டது. கொள்ளு ரசம் வைத்துக் குடித்தாள். மெடிக்கலில் பெல்ட் வாங்கிப் போட்டாள், உட்கார்ந்தால் அது சுருண்டு நெஞ்சுக்கு ஏறியது. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், யாரோ சொன்ன ஒரு மூலிகை எண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். எதற்கும் வயிறு மசியவில்லை. உட்கார்ந்தால் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, படுத்தால் அவளுக்கு முன்பே பக்கவாட்டில் சரிந்து படுத்துக்கொண்டது. கம்பெனி வேனில் வேறு ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் அவளைக் கர்ப்பிணி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்துகொண்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், பிறகு ஏன் இப்படி என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் அவளிடம் தெம்பில்லை. நிற்பதற்கும்தான் தெம்பில்லை.

கழன்று வந்ததை அவள் என்ன செய்தாள்? நனைந்த ஒன்று கையில் இருந்தால் கை எதைச் செய்யுமோ அதைச் செய்தாள். நல்ல தண்ணியில் ஒரு முறை அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, உதறி, முற்றத்துக் கொடியில் தன் ஜாக்கெட்டுக்கும் பூபதியின் லுங்கிக்கும் நடுவில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டினாள். அப்புறம் புடவையைக் கட்டினாள். கொசுவம் சொருகும்போது கை நேராகத் தட்டையான எதிலோ போய் நின்றது. வேன் ஹாரன் அடித்தது. குழந்தை தன்ஷிகாவை மூன்றாம் வீட்டு ரெஜினா மேரியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ரெஜினா திண்டுக்கல் பக்கத்துக்காரி. முதுகு விட்டுப்போனதால் பனியன் கம்பெனியிலிருந்து நின்று, லைனில் உள்ள ஆறு குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்ததை முதலில் பார்த்தது அவளல்ல, ஐந்தாம் வீட்டுச் செல்லக்கிளி. உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்து பதினெட்டு வருடமாகச் செக்கிங்கில் துணி பார்த்துப் பார்த்து, துணி என்றால் கண்ணுக்கு முன்னால் விரல் போய்விடுகிறவள். அன்று தண்ணி பிடிக்க லீவு போட்டிருந்தாள்.

"ஏத்தா ரெஜினா, இது யாரு வீட்டுத் துணித்தா? இந்த இழு இழுக்குது! லைக்ரா கலந்திருக்கான்."

"என்ன துணியோ. எடுத்துப் பாரு."

செல்லக்கிளி கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெரித்தாள், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள், ஓட்டை தேடினாள், கறை தேடினாள். குறுக்கே ஓடிய வெள்ளி வரிகளை நகத்தால் சுரண்டினாள். "பிரிண்டு இல்ல, நெசவுலயே வந்திருக்கு. கனம் முந்நூறு ஜி.எஸ்.எம்.முக்குக் கொறையாது." அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெயில் இன்னும் முற்றத்தில் இறங்கவில்லை. ஆனாலும் அது சூடாக இருந்தது. நடுவில் ஒரு தொப்புள் இருந்தது.

"அடியே, இது கோகிலா வயிறுடி," என்றாள்.

ரெஜினா வந்து பார்த்தாள், சிலுவை போட்டாள், தொப்புளை உற்றுப் பார்த்தாள். "ஆமா. நான்தானே எண்ணெ தேச்சு விட்டேன்," என்றாள். "நெழலுக்கு மாத்திப் போடு, வெயில்ல வறண்டுறப்போவுது."

மாலையில் கோகிலவாணி திரும்பி வந்தபோது லைனுக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. பெண்கள் அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வயிற்றைப் பார்த்தார்கள். தையல் தழும்புகூட இல்லாமல், பூசி முடித்த சுவர் போல இருந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். சில்லென்று இருக்கிறது என்றாள் ஒருத்தி. கொடுத்து வைத்தவள் என்றாள் இன்னொருத்தி. எந்த சோப்பு என்று கேட்டாள் மூன்றாவது ஒருத்தி. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு கோகிலவாணி சொன்ன பச்சை சோப்பு முக்குக்கடையில் கிடைக்கவில்லை. எட்டு வீட்டுப் பெண்களும் அடுத்த தெருப் பெண்களும் தகரக் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு சிவக்கத் தேய்த்தார்கள், செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத் தேய்த்தார்கள், நல்ல தண்ணியில் தேய்த்தார்கள். யாருக்கும் ஓரம்கூடப் பிரியவில்லை. வீட்டுக்காரம்மா பழனாத்தாள் வாடகை வாங்க வந்தபோது கொடியைப் பார்த்து, "இதென்ன புள்ளைங்களா, வவுத்தையெல்லாம் கழட்டிப் போட்டு வச்சிருக்கறீங்க? போடறதப் போடுங்க, பொறத்தால போடுங்க, ரோட்டுல போறவன் பாக்கறாப்புல வேண்டா," என்று சொல்லிவிட்டுப் போனாள். சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸ், நமைச்சல் இருக்கிறதா, நீர் கசிகிறதா என்று கேட்டாள், இல்லையென்றதும் இரும்புச் சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுத்தாள்.

கோகிலவாணியின் கணவன் பூபதி நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். கெட்டவனில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் புடவை மாற்றும்போது செல்போனைக் குனிந்து பார்ப்பான். அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று அவன் அப்படிச் செய்தான், அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், இரண்டில் எது உண்மை என்று அவனைக் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தோல் கழன்ற அன்று இரவு நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குது," என்றான்.

"அப்புடிங்களா?"

கையை வைத்தான். வைத்திருக்கிறான் என்பதை அவள் பார்த்தாள். முன்பு தையலுக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு இல்லாமலிருந்த உணர்ச்சி, இப்போது விலா எலும்பிலிருந்து தொடை வரைக்கும் இல்லாமலிருந்தது. அதை அவனிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் யோசித்தாள்.

தோல் கழன்ற அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம் காற்றடித்துக் கிளிப் நழுவி, தோல் முற்றத்தில் விழுந்தது. பல் முளைக்கிற ஈறுவலியில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த தன்ஷிகா, தவழ்ந்து போய் அதன்மேல் ஏறி, முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கினாள். நாலு மணி நேரம் தூங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று ரெஜினா மூன்று தடவை பார்த்தாள்.

மறுநாள் ரெஜினா கோகிலவாணியிடம் கேட்டாள். "சும்மா கொடியிலதானே கெடக்கு கண்ணு, பகல்ல நான் எடுத்துக்கட்டுமா? பாப்பா நல்லாத் தூங்குது."

"எடுத்துக்கங்க்கா, அதுக்கென்னங்க," என்றாள் கோகிலவாணி. அவளுக்கு அதைப் பார்க்காமலிருந்தால் போதும்.

முதலில் தன்ஷிகா தூங்கினாள். பிறகு இரண்டாம் வீட்டு இரட்டையர்கள் தூங்கினார்கள். பிறகு செல்லக்கிளியின் மகள் வயிற்றுப் பேரன், எதைப் போட்டாலும் தூங்காதவன், விளிம்பில் தலை வைத்ததும் வாய் திறந்து தூங்கினான். ஆறு குழந்தைகளும் அதைச் சுற்றிப் பூவிதழ் போலத் தலையை நடுவில் வைத்துப் படுக்க, அது எத்தனை பேர் இழுத்தாலும் அத்தனை பேருக்கும் எட்டியது. நாளடைவில் அதற்கென்று முறைகள் உண்டாயின. நாலாக மடிக்க வேண்டும், வரியோடிய பக்கம் மேலே இருக்க வேண்டும். உப்புத் தண்ணியில் அலசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் தொட்டு வைக்க வேண்டும், ஒரு ஞாயிறு ஒரு வீடு. யாருடைய பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால் அன்று அந்த வீட்டுக்குத்தான். இவற்றையெல்லாம் யார் விதித்தது என்று யாருக்கும் தெரியாது. லைன் வீட்டில் அழுகைச் சத்தம் நின்றுபோனது. மிக்ஸி ஓடுவதும், அடுத்த தெருவில் பவர்டேபிள் தையல் மிஷின் ஓடுகிற சத்தமும் கேட்கிற அளவுக்கு அமைதியானது. பெண்கள் எல்லோரும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தார்கள். தோல் சூடு மாறாமல் இருந்தது. கோகிலவாணி பாலை நிறுத்தியதோ, அவளுக்குப் பால் நின்றதோ, ஏதோ ஒன்று அந்த மாதத்தில் நடந்தது, குழந்தை அதற்காக அழக்கூட இல்லை.

கம்பெனியில் அவளைப் பவர்டேபிளிலிருந்து சாம்பிள் செக்ஷனுக்கு மாற்றினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற மாதிரி உடுப்புகளை ஆளுக்குப் போட்டு அளவு பார்க்க வேண்டும். பொம்மைக்குப் போட்டால் தோளும் இடுப்பும் சரியாகத் தெரியாது என்று பேட்டர்ன் மாஸ்டர் மணிமாறன் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலவாணியின் இடுப்பை டேப்பால் அளந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது போலப் பார்த்தாள். மாஸ்டர் கண்ணியமான மனிதர், "கொஞ்சம் திரும்பும்மா, கையத் தூக்கும்மா" என்பதற்கு மேல் பேசமாட்டார். அவள் நிற்பாள். அவர் அவளைச் சுற்றி வந்து, தொளதொளக்கிற இடத்தைப் பிடித்து மடித்துக் குண்டூசி குத்துவார். ஒரு நாள் வெள்ளை டாப்ஸைக் கழற்றிக் கொடுத்தபோது அதன் இடுப்புப் பக்கம் வரிசையாக ஆறு சிவப்புப் புள்ளி இருந்தது.

"அய்யய்யோ, குத்திருச்சேம்மா, சொல்லக் கூடாதா?" என்று மாஸ்டர் பதறினார்.

"பரவால்லீங்க மாஸ்டர், சோடா போட்டா போயிரும்," என்றாள் கோகிலவாணி, துணியைப் பற்றித்தான் அவர் கவலைப்படுகிறார் என்று நினைத்து.

பழைய வேன் பெண்கள் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார்கள், தெரிந்ததும் புகழ்ந்தார்கள். பூபதி அவளுக்கு இரண்டு சுடிதார் எடுத்துக்கொடுத்தான், கண்ணாடி முன் நிற்கவைத்தான். அவளுக்கு வேண்டியது இதுதானே? ஏழு மாதமாக சாமி படத்துக்கு முன்னால் நின்று அவள் கேட்டது இதைத்தான், வேறு எதையும் கேட்டதில்லை. கேட்டது கிடைத்தவள் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள், மறுபடி போனாள்.

குழந்தைதான் அவளிடம் வரவில்லை. மாலையில் ரெஜினா வீட்டு வாசலில் போய் நின்றால், "இப்பத்தான் கண்ணு அசந்துச்சு, கலைக்காத," என்பாள் ரெஜினா. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவாள். தூக்கிக்கொண்டு வந்த நாட்களில் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசிக்கும், வயிற்றில் முகம் வைத்துப் பார்க்கும், சுவரில் மோதியது போல நிமிர்ந்து, ரெஜினா வீட்டுப் பக்கம் கை நீட்டி அழும். திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் அந்த நொடியே அழுகை நிற்கும். ரெஜினா மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. தன்மேல் வந்ததா என்றால், அதையும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை கரண்ட் இல்லாமல் கம்பெனி மதியமே விட்டது. கோகிலவாணி வந்தபோது ரெஜினா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தன்ஷிகா மட்டும் விழித்திருந்தாள். நாலாக மடித்த தோலின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, வெள்ளி வரிகளில் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போனவள், தொப்புளைத் தட்டி, "ம்மா," என்றாள். மறுபடி தட்டி, "ம்மா," என்றாள். அதற்கு முன் அவள் எந்த வார்த்தையும் பேசியதில்லை. வாசலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள், தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பது போலச் சிரித்தாள், மறுபடி கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

கோகிலவாணி நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உள்ளே போய் ரெஜினாவிடம் சொன்னாள்.

"அக்கா, அதை நான் திரும்ப எடுத்துக்கறேனுங்க்கா."

ரெஜினா வடிதட்டைக் கீழே வைத்தாள். "உன்னுதுதானே கண்ணு. எடுத்துக்க, யாரு என்ன சொல்லப்போறா." அடுப்பைத் தணித்துவிட்டு, "மறுபடி மாட்டிக்கப்போறியா?" என்றாள்.

"ஒட்டுமான்னு தெரியலீங்க. கட்டியாச்சும் வச்சுக்கறேன். எம் புள்ள எங்கிட்ட வரோணுங்க்கா. வேற ஒண்ணும் வேண்டா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டு வீட்டுப் பெண்களும் முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கொடுக்க மாட்டோம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஆறு பிள்ளைகளை இனி எப்படித் தூங்கவைப்பது என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள், அதற்கும் மற்றவர்கள் அவளை அதட்டினார்கள். இரட்டையர்களின் அம்மா கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன நாளு எம் புள்ளைங்க உன் வயித்துல படுத்து எந்திரிச்சதுங்க, இனி உனக்கும் அதுங்க புள்ளைங்கதான்," என்றாள். செல்லக்கிளிதான் தோலை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதை இப்படியேவா குடுக்கிறது? ஆறு பிள்ளைக இழுத்து இழுத்து ஓரமெல்லாம் அலையலையாத் தொங்குது. வாங்குனப்ப இருந்ததைவிட அரை அடி கூடுதலாக் கெடக்கு. இதைக் கட்டிக்கிட்டு அவ எப்படித்தா வேலைக்குப் போவா?"

"பரவால்லீங்க்கா, இருக்கறபடி இருக்கட்டும்," என்றாள் கோகிலவாணி.

"நீ சும்மா இரு. ஒரு வாரம் பொறு. பதினெட்டு வருஷமா ஒரு பீஸ் நான் டேமேஜோட அனுப்புனதில்லை."

அதில் எல்லோருக்கும் சம்மதம் இருந்தது. கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டாமா? அதுவும் இவர்கள் பனியன் ஊர்ப் பெண்கள். சுருங்கியதை இழுக்கவும் இழுத்ததைச் சுருக்கவும், பிசிறு வெட்டவும், மடித்துக் கவரில் போடவும் தெரிந்தவர்கள். வாழ்க்கை முழுவதும் கண் காணாத தேசத்து உடம்புகளுக்காகச் செய்ததைத் தங்களுக்குள் ஒருத்திக்குச் செய்ய முதன்முதலாக ஒரு வாய்ப்பு வந்திருந்தது. செல்லக்கிளியின் தம்பி காம்பாக்டிங் பட்டறையில் ஆபரேட்டர். தொளதொளத்த துணியை ஆவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, இனி ஒருபோதும் நீளாதபடி அடர்த்தியாக்கி அனுப்புகிற இடம் அது. அக்கா சொன்னாள் என்பதற்காக, ஆர்டர் துணி முடிந்த பிறகு அவன் அதைத் தனியாக ஓட்டினான். ஒரு முறை போதாதென்று இரண்டு முறை ஓட்டினான்.

அந்த ஒரு வாரம் ஆறு குழந்தைகளும் அரைகுறையாகத் தூங்கின. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பெண்கள் அவற்றிடம் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்லக்கிளி அதைக் கொண்டுவந்தாள். எக்ஸ்போர்ட் பீஸ் போல அட்டை வைத்து மடித்து, நடுவில் டிஷ்யூ பேப்பர் வைத்து, பாலிதீன் கவரில் போட்டு, வாயை ஒட்டியிருந்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். கோகிலவாணி கவரைப் பிரித்தாள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்குகிற அளவுக்கு இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வெள்ளி வரிகள் எங்கேயோ போயிருந்தன. தொப்புள் ஒரு பொத்தான் ஓட்டை போல இருந்தது. அவள் அதை வயிற்றில் வைத்ததும் அச்சுக்கு வார்த்தது போலப் போய் உட்கார்ந்தது, ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆ என்றார்கள்.

"பத்தொம்பது வயசுப் புள்ள வயிறு," என்றாள் செல்லக்கிளி.

ரெஜினா குழந்தையைக் கொண்டுவந்து கோகிலவாணியின் மடியில் விட்டாள். தன்ஷிகா முகத்தை வைத்தாள். மோந்து பார்த்தாள். கொத்தாகப் பிடிக்கப் பார்த்தாள், பிடிக்க எதுவும் அகப்படவில்லை, விரல்கள் வழுக்கின. ஒரு பக்கக் கன்னம், பிறகு மறுபக்கக் கன்னம். பிறகு நிமிர்ந்து அம்மாவைத் தாண்டி, ரெஜினாவைத் தாண்டி, கொடியைப் பார்த்தாள், காலியான கவரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்த அழுகை எட்டு வீட்டையும் நிரப்பியது. அதைக் கேட்டு இரட்டையர்கள் தொடங்கினார்கள், அவர்களைக் கேட்டு மற்றவை தொடங்கின.

செல்லக்கிளி கவரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கோகிலவாணியின் வயிற்றைத் தொட்டாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது, ஏனென்றால் அவளுக்கு விரலில்தான் கண். "சூடு இல்லத்தா," என்றாள். "சூடெல்லாம் போயிருச்சு. நான்தான் கெடுத்துப்புட்டேன், பாவி." தலையில் அடித்துக்கொண்டாள்.

கோகிலவாணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நல்லாத்தானுங்க்கா பண்ணியிருக்கீங்க," என்றாள். உண்மையாகவே சொன்னாள். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை அது.

பகல் ஏறியது. பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார்கள், சிலர் வாசற்படியில் உட்கார்ந்து ஆட்டினார்கள். இத்தனை நாள் தூக்காத பிள்ளைகள் கனத்தன. எப்படிப் பிடிப்பது என்பதே சிலருக்கு மறந்திருந்தது. கோகிலவாணி தன் வீட்டுக்குள் போய், தோலைக் கழற்றி அட்டையில் வைத்து மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். சுவரோரமாகப் பாயை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து, அழுகிற குழந்தையை மேலே போட்டுக்கொண்டாள். சமாதானம் சொல்லவில்லை. தாலாட்டவில்லை. தன்னிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இறக்கிவிட்டு எழுந்து போகலாம், ஆனால் எங்கே போவது? இறக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

குழந்தை அழுதுகொண்டே அவள்மேல் தேடத் தொடங்கினாள். வயிற்றில் தேடி, இல்லையென்று மேலே ஏறினாள். மாரில் வைத்துப் பார்த்தாள், கழுத்துக் குழியில் மூக்கை நுழைத்துப் பார்த்தாள், மோவாய்க்கு அடியில் நாக்கால் தொட்டுப் பார்த்தாள். தோளில் ஏறிச் சறுக்கினாள். காதைப் பிடித்து இழுத்தாள். கோகிலவாணி ஆடாமல் உட்கார்ந்து, தன்மேல் நடப்பதையெல்லாம் நடக்கவிட்டாள். ஒரு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம்கூட இருக்கும். தேம்பலுக்கு நடுவில் குழந்தை அம்மாவின் இடது கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே, உட்பக்கத்துச் சதையில் முகத்தை வைத்தாள். கைக்குள் எப்போதும் ஒடுங்கியே கிடந்த, யாரும் பார்த்திராத, கோகிலவாணியே இதுவரை நினைத்துப் பார்த்திராத கொஞ்சம் சதை. அது மெத்தென்று தொங்கியது, வேர்வையில் ஈரமாக இருந்தது. குழந்தை மோந்தாள். பிடித்தாள். கையில் அகப்பட்டது. இன்னும் இரண்டு தேம்பல் வந்தது, அப்புறம் தேம்பல் தூரம் தூரமாக வந்தது, அப்புறம் வரவில்லை.

கோகிலவாணி மூச்சை மெல்ல விட்டாள். கை தூக்கியபடி வளைந்து அந்தரத்தில் இருந்தது. கீழே இறக்கினால் முகம் நழுவும். முட்டுக் கொடுக்கத் தலையணை எட்டவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாள். வெளியே மற்ற பிள்ளைகளின் அழுகையும் ஒவ்வொன்றாகத் தணிந்துகொண்டிருந்தது, சில வீடுகளில் இன்னும் கேட்டது. தோள்பட்டையில் ஒரு இழுப்பு தொடங்கி, முழங்கையில் வந்து தங்கி, மணிக்கட்டுக்கு இறங்கியது. விரல் நுனிகளில் சுருக் சுருக்கென்றது.

பூபதி ஞாயிற்றுக்கிழமை அரை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தான். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்று பார்த்தான், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

"எப்பத் தூங்குச்சு?"

"பன்னண்டு மணி இருக்குமுங்க."

"அப்ப இருந்து இப்புடியேவா உக்காந்திருக்கற? கையப் பாரு, நடுங்குது. குடு, நான் எடுத்துப் பாயில போடறேன்."

"தொடாதீங்க."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, நடுங்குகிற அந்தக் கையைப் பார்த்தான். குழந்தையின் கன்னம் அதில் அழுந்திச் சப்பையாகி, வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

ஏதோ ஒன்றை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "வலிக்குதுங்க." கையை இன்னும் ஒரு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டாள்.